உங்கட கிணறு உப்பானது எப்ப? திருகோணமலை ஆக்கள் சொல்லுங்கோ

உப்புவெளி மகள்:
எங்கட பக்கத்து நிலைமை எல்லாருக்கும் தெரியும். மதிலுக்கு அங்கால விடுதி வந்தது, குழாய்க்கிணறு அடிச்சாங்கள், மோட்டர் ராவும் பகலும் ஓடிச்சு. கச்சான் காத்து தொடங்க எங்கட கிணறு சவர்க்கத் தொடங்கிற்று. பருப்பு அவியாது, தேத்தண்ணி வாயில வைக்கேலாது. அம்மா கானோட, தண்ணி கொண்டு வாற பவுசர் லொறிக்கு ரோட்டில நிக்கிறா.

ஒருநாள் பொறுக்கேலாமல் மதிலால எட்டி, புல்லுக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிண்ட தம்பியைக் கேட்டன்: "நாங்கள் குடிக்க இல்லாமல் நிக்கிறம், நீங்கள் புல்லுக்கு விடுறீங்களோ?" அவர் ஒண்டும் சொல்லேல்ல, ஹோஸை நீட்டினார். கையில ஏந்தி வாயில வச்சன். எங்கட கிணத்தைவிட உப்பு. புல்லு நுனியெல்லாம் கருகிக் கிடந்திச்சு. "எங்களுக்கும் குடிக்கப் பவுசர்தான் அக்கா" எண்டார். அந்தக் கோவத்தை யாரில காட்டுறதெண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியேல்ல.

நிலாவெளி ஆள்:
சுனாமிக்குப் பிறகு, 2005 தொடக்கத்தில, எங்கட கிணத்துக்குள்ள கடல்தான் கிடந்திச்சு. உதவிக்கு வந்த பெடியள் பம்ப் போட்டு இறைச்சாங்கள். இறைக்க இறைக்க உப்புக் கூடிச்சு. கடைசியில பெரியப்பா போய் பம்பை நிப்பாட்டிப்போட்டு, "விடுங்கோடா, இனி மாரி கழுவும்" எண்டார். அவர் சொன்னதுதான் நடந்தது.

மணலுக்குக் கீழ நல்ல தண்ணி, உப்புத் தண்ணிக்கு மேல மிதக்குது. கடல் தண்ணி 2.5 வீதம் பாரம் கூட, அவ்வளவுதான் வித்தியாசம். நல்ல தண்ணி மட்டம் ஒரு அடி இறங்கினால், கீழ உப்பு 40 அடி வரைக்கும் ஏறப் பாக்கும். கடற்கரையில ஆழமா அடிக்கிறவன் உப்பைத்தான் தேடிப் போறான். தங்கச்சி, அந்த விடுதிக்கு நடந்ததும் இதுதான்.

கிண்ணியா நானா:
ஹோட்டலை மட்டும் சொல்லாதீங்க. வெங்காயத்துக்கு நாள் முழுக்க மோட்டர் போடுறது ஆரு? எங்கட வாப்பா துலாவால இறைச்சவர். மனிசன் களைச்சுக் குந்தினா கிணறும் ஆறும். மோட்டருக்குக் களைப்பில்ல. நான் முதல் மோட்டர் வாங்கிப் பூட்டின அண்டைக்கு வாப்பா கிணத்துக்குள்ள எட்டிப் பாத்துக்கொண்டே நிண்டார், ஒண்டும் கதைக்கல்ல. அந்த முகம்தான் இப்பவும் முன்னால வருது.

கந்தளாய் மருமகள்:
நீங்கள் எல்லாரும் பவுசர் பவுசர் எண்டுறீங்கள். டவுன் குழாயில வாறது எங்கட குளத்துத் தண்ணி. 1986 சித்திரை 20 விடியப்புறம் அந்தக் கட்டு உடைச்சு நூறு பேருக்கு மேல செத்த குளம் இது. குளக்கோட்டன் எண்ட ராசா கட்டினதெண்டு பெருமை பேசுறம், அதுக்குக் கீழ இருக்கிற வயலை ஒருத்தரும் நினைக்கிறேல்ல. போன சிறுபோகம் வாய்க்கால் பூட்டினாப் பிறகு மாமி வெடிச்ச வயலுக்குள்ள நிக்கிறா, டவுனில இருந்து மச்சாள் போன் எடுக்கிறா. பின்னால வாகனம் கழுவுற சத்தம் கேக்குது. மாமி கதைக்காமலே போனை என்ர கையில தந்தா.

அலஸ்தோட்டம்:
எனக்குப் பெரிய கதை இல்ல, பக்கத்து வீட்டுக்காரர் முத்தம் முழுக்கக் கல்லுப் பதிச்சார், அடுத்த வருசமே ரெண்டு வீட்டுக் கிணறும் இறங்கிற்று. ஆனால் ஆளையாள் ஏசி என்ன பிரயோசனம்? செய்யக்கூடியதைச் சொல்லுறன். 100 சதுர மீற்றர் கூரையில 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 10,000 லீற்றர். எங்களுக்கு ஐப்பசியில இருந்து தை வரைக்கும் மாரி, அதில 100 மில்லிமீற்றர் பெரிய விசயமே இல்ல. பீலி பூட்டி, முதல் மழையில வாற ஊத்தையை வெளியில விட்டு, பிறகு தாங்கியில பிடியுங்கோ. நிரம்பி வழியிறதைக் கிணத்துக்குப் பக்கத்தில சல்லி போட்ட குழிக்குள்ள இறக்குங்கோ. மலசலகூடக் குழி அதுக்குக் கிட்ட இருக்கக்கூடாது. ஒரேயடியா இறைக்காமல் கொஞ்சம் கொஞ்சமா, இடைவெளி விட்டு இறையுங்கோ. நானா, வெங்காயத்துக்குத் தூவல் குழாய் பூட்டிப் பாருங்கோ. வெயிலுக்கு முன்னம் விடிய இறையுங்கோ, மத்தியானம் விட்டால் கூட ஆவியாப் போயிரும்.

கிண்ணியா நானா:
விடிய இறைக்கத்தான் ஆசை. எங்கட பக்கம் விடியக் கரண்ட் குறைவு, மோட்டர் இழுக்காது. வந்து பாத்திட்டுச் சொல்லுங்க.

உப்புவெளி மகள்:
கந்தளாய் அக்கா, நீங்கள் சொன்னதையும் அலஸ்தோட்டம் சொன்ன மழைத்தண்ணி விசயத்தையும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். மாரிக்கு முன்னம் விடுதி முதலாளியிட்டப் போறம். அவற்ற கூரை எங்கடதைவிட எத்தினையோ மடங்கு பெரிசு, அந்தத் தண்ணி முழுக்க இப்ப ரோட்டுக் கானுக்குள்ள போகுது. மதிலோரம் ஒரு குழி வெட்டி இறக்கினால் ரெண்டு பக்கத்துக் கிணத்துக்கும்தானே வரும்.