இனம் பார்த்துத் தொகுதி பிரிக்கலாமா? அமெரிக்கத் தென்மாநிலங்களை முன்வைத்து

நதிமூலம்:
அலபாமா மாநிலத்துக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் 7 இடங்கள். மக்களில் ஏறத்தாழ 27 சதவீதம் கறுப்பினத்தவர். 2021இல் மாநிலச் சட்டமன்றம் போட்ட தொகுதி வரைபடத்தில் அவர்கள் பெரும்பான்மையாக இருந்த தொகுதி ஒன்றே ஒன்று. இது வாக்குரிமைச் சட்டத்துக்கு எதிரானது, இன்னொரு தொகுதி வேண்டும் என்று கறுப்பின வாக்காளர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இங்கே பலரும் அதை வரவேற்று எழுதியிருக்கிறீர்கள். என்னால் வரவேற்க முடியவில்லை. நிறம் பார்த்து மனிதரைப் பிரிக்காதே என்று அடிபட்டுப் போராடியவர்களால் 1965இல் கிடைத்தது அந்த வாக்குரிமைச் சட்டம். அதன் பெயரால் அரசாங்கமே நிறம் பார்த்துக் கோடு போடலாமா? இந்தத் தெருவில் இருப்பவர் கறுப்பர், அதனால் இப்படித்தான் ஓட்டுப் போடுவார் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவதல்லவா அது?

கரிசல்:
அண்ணா, நிறம் பார்த்துக் கோடு போடுவது 1965க்குப் பிறகு வந்த பழக்கம் இல்லை. அதே அலபாமாவில் டஸ்கீகி என்று ஓர் ஊர். கறுப்பினத்தவருக்கான புகழ்பெற்ற கல்வி நிலையம் அங்கே இருந்தது. படித்தவர்கள் அதிகம், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தவர்களும் கூடிக்கொண்டே போனார்கள். 1957இல் மாநிலச் சட்டமன்றம் என்ன செய்தது தெரியுமா? சதுரமாக இருந்த ஊர் எல்லையை 28 பக்கம் கொண்ட ஓர் உருவமாக மாற்றியது. ஊருக்குள் இருந்த 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேர் தவிர எல்லோரும் எல்லைக்கு வெளியே போனார்கள். வெள்ளையர் ஒருவர்கூடப் போகவில்லை. அங்கே பேராசிரியராக இருந்த சார்லஸ் கோமிலியன் வழக்குப் போட்டு, 1960இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. யாரையும் பூத் வாசலில் தடுக்கவில்லை, அடிக்கவில்லை. வரைபடத்தை மட்டும் மாற்றினார்கள், அவ்வளவுதான். பென்சில் அவர்கள் கையில் இருந்தபோது நிறத்தைப் பார்த்தே வரைந்தார்கள். அந்த அநீதியைச் சரிசெய்ய வரும்போது மட்டும் நிறத்தைப் பார்க்காதே என்றால் எப்படி?

நதிமூலம்:
டஸ்கீகியில் நடந்தது அநியாயம், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு மருந்து என்று வந்தது எப்படி இருந்தது? வட கரோலினாவில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக இருக்கும்படி 1992இல் போட்ட 12-வது தொகுதியைப் பாருங்கள். ஏறத்தாழ 160 மைல் நீளம். பல இடங்களில் ஐ-85 நெடுஞ்சாலையின் அகலம்தான் தொகுதியின் அகலம். ஒரு கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) வடக்கே போகும் வண்டி ஒரு தொகுதியில், தெற்கே போகும் வண்டி வேறு தொகுதியில். அடுத்த கவுண்டிக்குள் நுழைந்தால் அது அப்படியே தலைகீழ். இதை நான் சொல்லவில்லை, 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே இருக்கிறது. எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். ஒரே நிறம் என்பதைத் தவிர வேறு எந்தத் தொடர்பும் இல்லாதவர்களை ஒரு தொகுதிக்குள் திணிப்பது அரசியல் இன ஒதுக்கலை நினைவூட்டுகிறது என்றார். அந்தத் தொகுதிக்குள் டர்ஹாம் நகரில் இருப்பவருக்கும் சார்லட் நகரில் இருப்பவருக்கும் பொதுவான குளம், பள்ளி, பஸ் ஏதாவது உண்டா? நிறம் ஒன்றுதானே?

கரிசல்:
அந்தத் தொகுதி ஏன் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வட கரோலினாவில் ஜார்ஜ் ஹென்றி ஒயிட் என்ற கறுப்பினப் பிரதிநிதி இருந்தார். 1898இல் அந்த மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கும்பல், தேர்ந்தெடுக்கப்பட்ட நகர ஆட்சியையே விரட்டியடித்தது. 1900இல் எழுத்தறிவுத் தேர்வும் வாக்கு வரியும் மாநில அரசியல் சட்டத்துக்குள் வந்தன. தாத்தா காலத்தில் ஓட்டு இருந்த குடும்பத்துக்கு அந்தத் தேர்விலிருந்து விலக்கு, அதாவது வெள்ளையருக்கு விலக்கு. 1901 ஜனவரியில் ஒயிட் சபையில் விடைபெறும் உரை ஆற்றினார். இது தற்காலிகப் பிரிவுதான், எம் மக்கள் ஒருநாள் எழுந்து திரும்பி வருவார்கள் என்றார். அவருக்குப் பிறகு அந்த மாநிலத்திலிருந்து கறுப்பினத்தவர் ஒருவர் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானது 1992இல். ஈவா கிளேட்டனும் மெல் வாட்டும். மெல் வாட் வென்றது நீங்கள் சொல்லும் அந்த நெடுஞ்சாலைத் தொகுதியில்தான்.

தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஒருவர்கூட இல்லை. அந்தத் தொண்ணூறு ஆண்டுகளும் தொகுதிகள் அழகான வடிவத்தில் இருந்தன என்றே வைத்துக்கொள்வோம். அந்த அழகால் யாருக்குப் பயன்?

நல்லூரான்:
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். அப்படியானால் அது நம் ஊர்த் தனித்தொகுதி போலவா? கறுப்பினத்தவர் மட்டும்தான் நிற்கலாமா?

கரிசல்:
இல்லை நண்பரே, வேட்பாளருக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது, யாரும் நிற்கலாம். டென்னஸியில் மெம்பிஸ் நகரத் தொகுதியில் கறுப்பினத்தவர்தான் அதிகம். அங்கே 2006 முதல் ஜெயித்து வருபவர் ஸ்டீவ் கோஹன், வெள்ளையர், யூதர். மக்கள் அவரை விரும்பினார்கள், தேர்ந்தெடுத்தார்கள். சட்டம் காப்பாற்றுவது வேட்பாளரின் நிறத்தை அல்ல, வாக்காளரின் விருப்பத்தை. வழக்கு நிற்க வேண்டுமானால் 1986ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: சிறுபான்மையினர் ஒரு தொகுதிக்குப் போதுமான எண்ணிக்கையில் நெருக்கமாக வசிக்கிறார்கள், ஒரே மாதிரி ஓட்டுப் போடுகிறார்கள், வெள்ளையர் மொத்தமாக எதிர்த்து ஓட்டுப் போட்டு அவர்களது வேட்பாளரை வழக்கமாகத் தோற்கடிக்கிறார்கள். நதிமூலம் அண்ணா சொல்வதுபோல் யாரும் எதையும் முன்கூட்டியே முடிவு கட்டுவதில்லை. தேர்தல் முடிவுகளை எடுத்து வைத்துக் காட்ட வேண்டும்.

நதிமூலம்:
சரி, தேர்தல் முடிவுகளையே பார்ப்போம். 1995இல் உச்ச நீதிமன்றம் ஜார்ஜியாவின் ஒரு தொகுதியைச் செல்லாது என்றது, வரைபடம் மாறியது. சிந்தியா மெக்கின்னி, சான்ஃபோர்ட் பிஷப் என்ற இரண்டு கறுப்பினப் பிரதிநிதிகளும் 1996இல் வெள்ளையர் பெரும்பான்மைத் தொகுதிகளில் நின்றார்கள். இருவருமே வென்றார்கள். 2010இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் பகுதியில் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் டிம் ஸ்காட் என்ற கறுப்பினத்தவர் யாரைத் தோற்கடித்தார்? இனப் பிரிவினைக்காகவே 1948இல் ஜனாதிபதி தேர்தலில் நின்ற ஸ்ட்ராம் தர்மண்டின் மகனை. வாக்களித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். மனிதர்கள் மாறுகிறார்கள் என்று நம்ப இதைவிட என்ன வேண்டும்?

முல்லைக்கொடி:
நான் இருவர் பக்கமும் இல்லை. கறுப்பினத்தவருக்குச் சபையில் நாற்காலி வேண்டுமா, சட்டம் இயற்றும் பலம் வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. இரண்டும் ஒன்றல்ல.

தொண்ணூறுகளில் இப்படிப்பட்ட தொகுதிகளை அதிகமாகப் போடச் சொல்லி ஊக்குவித்தவர்களில் குடியரசுக் கட்சியும் உண்டு. காரணம் எளிது. ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போடும் கறுப்பினத்தவரையெல்லாம் ஒரே தொகுதியில் அடைத்துவிட்டால் சுற்றியுள்ள தொகுதிகள் தமக்கு எளிதாகும். 1994இல் 40 ஆண்டுகளுக்குப் பிறகு சபையை அக்கட்சி பிடித்ததற்கு இது மட்டுமே காரணம் இல்லை, ஆனால் இதுவும் உதவியது.

ஜார்ஜியாவில் 2001இல் மாநிலச் செனட் வரைபடம் போட்டபோது இதை உணர்ந்து, கறுப்பின வாக்காளர்களைப் பல தொகுதிகளில் கொஞ்சம் பரப்பினார்கள். ஆதரித்துச் சாட்சி சொன்னவர் யார் தெரியுமா? ஜான் லூயிஸ். 1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா பாலத்தில், வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனபோது போலீஸ் தடியால் மண்டை உடைந்தவர். வெள்ளையரோடு கூட்டணி வைத்தும் ஜெயிக்கலாம் என்று அவரே சொன்னார் என்றால் அதை லேசாகத் தள்ள முடியாது.

கரிசல்:
ஜான் லூயிஸ் பெயரைச் சொன்னால் நான் தலைவணங்குவேன் அக்கா. ஆனால் அந்தக் கணக்கு பலித்ததா? 2002 தேர்தல் முடிந்ததும் சில ஜனநாயகக் கட்சிச் செனட்டர்கள் கட்சி மாறினார்கள், மாநிலச் செனட் குடியரசுக் கட்சி கைக்குப் போனது. பரப்பிவைத்த பலம் ஒரே வாரத்தில் காணாமல் போனது. மெக்கின்னியும் பிஷப்பும் ஏற்கெனவே பதவியில் இருந்தவர்கள், பெயர் தெரிந்தவர்கள். அந்தப் பதவிக்கு முதலில் அவர்கள் வந்தது கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதி வழியாகத்தானே?

டிம் ஸ்காட் விஷயத்தில் சார்ல்ஸ்டன் வெள்ளையர் தங்களுக்குப் பிடித்த வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். நல்லது, அவர்கள் உரிமை. அதே உரிமையைத்தான் அந்த ஊர்க் கறுப்பினத்தவருக்கும் கேட்கிறேன். அந்தத் தொகுதிக்கு அப்புறம் என்ன ஆனது என்று பாருங்கள். 2020 கணக்கெடுப்புக்குப் பின் வந்த வரைபடத்தில் சார்ல்ஸ்டன் பகுதியிலிருந்து ஏறத்தாழ 30,000 கறுப்பின வாக்காளர்களை எடுத்துப் பக்கத்துத் தொகுதியில் போட்டார்கள். நாங்கள் நிறம் பார்க்கவில்லை, கட்சி பார்த்தோம் என்பது மாநிலத்தின் வாதம். 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அதை ஏற்றுக்கொண்டது. கட்சி பார்த்து வரைவதை மத்திய நீதிமன்றங்கள் கேட்காது என்று அதே உச்ச நீதிமன்றம் 2019இலேயே சொல்லியாயிற்று. தெற்கில் நிறமும் கட்சியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும்போது, கட்சி என்று சொல்லிவிட்டால் எதையும் செய்யலாம் என்றாகிறது.

நதிமூலம்:
2019 தீர்ப்பு பற்றி உன்னோடு எனக்குச் சண்டை இல்லை. என்னைக் கேட்டால் நோயே அங்கேதான் இருக்கிறது. பதவியில் இருப்பவர்கள் தங்கள் தொகுதியைத் தாங்களே வரையும் அதிகாரத்தை முதலில் பிடுங்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2008இல் மக்கள் ஓட்டுப் போட்டுத் தனி ஆணையம் அமைத்தார்கள், அரிசோனாவில் அதற்கும் முன்பே, 2000இல். இனத்தைக் கையில் எடுக்காமலே முக்கால்வாசி அநியாயத்தை அப்படித் தடுக்கலாம்.

முல்லைக்கொடி:
அலபாமாவில் அப்படி ஓர் ஆணையத்தை யார் அமைப்பார்கள்? 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், அடுத்த மாதமே இரண்டாவது தொகுதியில் கறுப்பினத்தவரை 40 சதவீத அளவிலேயே நிறுத்தி இன்னொரு வரைபடம் போட்டது அந்தச் சட்டமன்றம். நீதிமன்றம் நியமித்தவர் உட்கார்ந்து வரைந்த பிறகுதான் மாண்ட்கோமரியும் மொபைல் நகரின் ஒரு பகுதியும் சேர்ந்த தொகுதி உருவானது. அதிலும் வாக்களிக்கும் வயதினரில் கறுப்பினத்தவர் பாதிக்குச் சற்றுக் குறைவு. 2024இல் ஷோமாரி ஃபிகர்ஸ் என்ற கறுப்பின வேட்பாளர் அங்கே வென்றார், வேறு இனத்தவர் ஓட்டும் சேர்ந்துதான். நெடுஞ்சாலையைப் போல நீண்ட தொகுதியும் இல்லை, நிறம் பார்க்காத தொகுதியும் இல்லை. நதிமூலம் ஐயா, இந்த வரைபடத்தில் உங்களுக்கு எந்தக் கோடு பிடிக்கவில்லை என்று குறிப்பாகச் சொன்னால் அதிலிருந்து மேலே பேசலாம்.