40 பேருக்குப் பன்றிக்கறி பார்பிக்யூ: கெட்டில் அடுப்பிலிருந்து ஓவனுக்கு மாற்றலாமா?

வணக்கம் மக்களே. சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தின் இரண்டு பக்கத்து ஆட்களும் வருகிறார்கள். கிழக்கே முழுப் பன்றி, வினிகரும் மிளகாயும்தான். தக்காளி வாடையே ஆகாது. மேற்கே லெக்சிங்டன் பக்கம் தோள்கறி, வினிகரோடு கொஞ்சம் கெட்சப். முழுப் பன்றிக்கு இடமில்லை, அதனால் தோள்கறிதான்.

சாஸைத் தனித்தனியாக வைப்பதுதான் மரியாதை. 4 கப் ஆப்பிள் சிடர் வினிகர், 2 மேசைக்கரண்டி சர்க்கரை, அதே அளவு இடித்த மிளகாய் வற்றல், உப்பு. பாதியைப் பிரித்து அதில் மட்டும் அரை கப் கெட்சப்.

ஆளுக்கு 150 கிராம் என்றால் வெந்த கறி 6 கிலோ. எலும்பு, கொழுப்பு, நீர் போக ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். ஆக 4 கிலோவில் மூன்று துண்டு.

சிக்கல் இதுதான்: இருப்பது 22 அங்குலக் கெட்டில் அடுப்பு, அதாவது மூடி போட்ட உருண்டைக் கரி அடுப்பு. கரியை விளிம்போரம் வளைவாக அடுக்கி 110 டிகிரி செல்சியஸில் ஓட்டினாலும், மூன்றையும் நெருக்கி வைத்தால் ஒன்று கரிக்கு நேர் மேலே வந்து அடிப்பக்கம் கருகும். உள்சூடு 70 டிகிரி வந்ததும் மணிக்கணக்கில் ஏறாது. மேலே ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விக்கிறது. அந்த நேரத்தில் ஃபாயிலில் இறுக்கிச் சுற்றி, 130 டிகிரி ஓவனுக்கு மாற்றினால் கறியின் மேலே கட்டிய கருத்த பட்டை ரொம்ப நனைந்துவிடுமா? ஹிக்கரி விறகின் புகை அதற்குள் போதுமான அளவு பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

95 டிகிரியில் எடுத்து, துவாலை சுற்றி, ஐஸ் போடாத ஐஸ் பெட்டியில் மூன்றையும் சேர்த்து வைத்தால், 60-க்குக் கீழே இறங்காமல் நான்கு மணி நேரம் தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.