கைப்பேசி வரைபடத்துக்கு ஒரு விரலா, இரண்டு விரலா?

தெம்பனிஸ்_தமிழன்
நேற்று குழுவில் வரைபட_வேலு அண்ணன் போட்ட தீர்ப்பை எத்தனை பேர் பார்த்தீர்களோ. "வலைப்பக்கத்துக்குள் வரைபடம் வைத்தால், அது தடையில்லாமல் ஓட, கைப்பேசியில் இரண்டு விரலால்தான் நகர்த்தவேண்டும், ஒரு விரலுக்கு விடுகிறவனுக்கு வேலை தெரியாது." அப்படியா அண்ணே? காலை எட்டு மணிக்குச் சிங்கப்பூரின் கிழக்கு மேற்கு ரயிலில் ஏறிப் பாருங்கள். ஒரு கை கம்பியில், மறு கையில் கைப்பேசி, மிஞ்சுவது ஒரு கட்டைவிரல். இரண்டாவது விரலை எங்கே போய் வாங்குவது, முஸ்தஃபா கடையிலா? தொட்டவுடன் திரை மங்கி "இரண்டு விரலைப் பயன்படுத்தவும்" என்று உபதேசம் வேறு.

வரைபட_வேலு
பெயரைப் போட்டே இழுத்துவிட்டீர்கள் தம்பி, நன்றி. நான் சொன்னது நீளமான பக்கத்தின் நடுவே வைக்கும் வரைபடத்தை. படிப்பவர் கீழே தள்ளிக்கொண்டே வருகிறார், விரல் வரைபடத்தில் விழுகிறது, பக்கம் அப்படியே நிற்கிறது, வரைபடம் மட்டும் ஜொகூரைத் தாண்டி ஓடுகிறது. கூகல் மேப்ஸை 'ஆட்டோ'வில் விட்டால் பக்கம் உருளக்கூடியதா, ஐஃபிரேமுக்குள், அதாவது வேறொரு பக்கத்தின் சட்டத்துக்குள், இருக்கிறதா என்று பார்த்து அதுவே இரண்டு விரலுக்கு மாறிக்கொள்கிறது. மேப்லிப்ரே என்ற வரைபட நிரலகத்தில் இதே வேலைக்கு 'கோஆப்பரேட்டிவ் ஜெஸ்சர்ஸ்' என்று ஒரே ஒரு அமைப்பு, போட்டால் முடிந்தது. இதையெல்லாம் எழுதியவர்களுக்குத் தெரியாதது உங்கள் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா?

தெம்பனிஸ்_தமிழன்
கூகல் செய்தால் வேதவாக்கா? வலைப்பக்கம் எல்லாருக்கும் எட்டவேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி வழிகாட்டியில் 2.5.1 விதியைப் படித்ததுண்டா? 2018ல் வந்த 2.1 பதிப்பு. பல விரல் தேவைப்படும் எதுவானாலும் ஒற்றை விரலாலும் செய்ய வழி இருக்கவேண்டும். ஏதோ உயர்ந்த லட்சியம் இல்லை அண்ணே, 'ஏ' நிலை, அடிமட்டத் தேவை. கை நடுங்கும் பெரியவர்களை நினைத்துப் பார்த்தீர்களா? ஒரு விரல்!

வரைபட_வேலு
பாதி படித்துவிட்டு வந்தால் இப்படித்தான். 2023ல் வந்த 2.2 பதிப்பில் 2.5.7 என்று இன்னொன்று இருக்கிறது, 'ஏ'வுக்கு அடுத்த 'ஏஏ' நிலை. இழுத்துத்தான் செய்யமுடியும் என்று எதையும் வைக்கக்கூடாது, இழுக்காமல் தொட்டுச் செய்யவும் வழி வேண்டும். ஆக உங்கள் ஒரு விரல் இழுவையும் தனியாக நின்றால் தேறாது. ஓரத்தில் நான்கு அம்புக்குறி, கூட்டல், கழித்தல் பொத்தான் வைத்தால் இரண்டும் நிறைவேறும்.

தெம்பனிஸ்_தமிழன்
2026ல் அம்புக்குறிப் பொத்தான். சபாஷ்.

செங்காங்_மீனா
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். முதலில் 'தடையில்லாமல் ஓடுவது' என்றால் என்னவென்று இருவரும் சொல்லுங்களேன்? வேகமாகத் திறப்பதா, இழுக்கும்போது திக்காமல் வருவதா? நான் பார்க்கும் பக்கங்களில் விரல் கணக்கு கடைசிப் பிரச்சினை. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தரவில் பேருந்து நிறுத்தம் ஐயாயிரத்துக்குக் குறையாது. அத்தனையையும் லீஃப்லெட் என்ற வரைபட நிரலகத்தில் தனித்தனி மார்க்கராக, அதாவது இடக்குறியாகப் போட்டால் பக்கத்தில் ஐயாயிரம் தனி உறுப்புகள், ஒவ்வொரு முறை பெரிதாக்கும்போதும் எல்லாவற்றையும் இடம் மாற்றவேண்டும், மலிவான ஆண்ட்ராய்டு மூச்சுத் திணறும். பக்கத்துப் பக்கத்துக் குறிகளைக் கொத்தாகச் சேர்த்துவிடுங்கள், அல்லது வெறும் வட்டப்புள்ளியாக்கி, எல்லாவற்றையும் ஒரே படமாக வரையும் 'ப்ரிஃபர் கேன்வஸ்' அமைப்பைப் போடுங்கள். அப்புறம் இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும் ஜியோஜேசான் கோப்பில் பதினைந்து தசம இடம் எதற்கு? ஆறு இடமே பத்து சென்டிமீட்டர் அளவுக்குத் துல்லியம். வெட்டினால் கோப்பு நன்றாகவே இளைக்கும்.

தெம்பனிஸ்_தமிழன்
எல்லாம் சரி மீனா, யார் மறுத்தது? ஆனால் கோப்பு இளைத்து என்ன பயன், வரைபடம் ஒரு விரலுக்கு அசையாவிட்டால்?

ஈசூன்_பையன்
இன்னுமா லீஃப்லெட்? அது வரைபடத்தை ஓடு ஓடாகத் துண்டாக்கிய 256 பிக்சல் படங்களைப் புதுத் திரையில் போட்டால் தெருப்பெயர் மங்கலாகத்தான் தெரியும். தெருவையும் எழுத்தையும் கைப்பேசியே வரைந்துகொள்ளும் வெக்டருக்கு வாருங்கள் பெருசுகளா. சுழற்றினாலும் எழுத்து நிமிர்ந்து நிற்கும்.

உட்லண்ட்ஸ்_பழசு
தம்பி, மரியாதை. லீஃப்லெட் 2011ல் வந்தபோதே கைப்பேசியை நினைத்து எழுதியது, சுருக்கினால் ஏறக்குறைய 40 கேபிதான். உங்கள் வெக்டரை வரையும் மேப்லிப்ரே அதைப்போல் பல மடங்கு. வரைகலைச் சில்லை வேலை வாங்கும் வெப்ஜிஎல்லை ஓடவிட்டு என் பழைய சாம்சங்கைத் தோசைக்கல் ஆக்கியது உங்கள் வெக்டர்தான். புள்ளிகளைக் கொத்தாக்க நீங்கள் எல்லாரும் போடும் சூப்பர்கிளஸ்டரை எழுதியவர் யார் என்று போய்ப் பாருங்கள், லீஃப்லெட்டை எழுதிய அதே அகஃபோன்கின்.

ஈசூன்_பையன்
அவரே மேப்பாக்ஸ் என்ற வரைபட நிறுவனத்தில் சேர்ந்து வெக்டர் வேலை செய்தவர் பெருசு. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

உட்லண்ட்ஸ்_பழசு
அந்த மேப்பாக்ஸ் 2020 டிசம்பரில் தன் நிரலின் திறந்த மூல உரிமத்தை மாற்றியபோது அலறியடித்துக்கொண்டு மேப்லிப்ரே என்று பிரித்தெடுத்தது யார்? லீஃப்லெட்காரன் நிம்மதியாகத் தூங்கினான்.

வரைபட_வேலு
தெம்பனிஸ் தம்பிக்கு ஒரு நினைவூட்டல். போன தீபாவளிக்குக் கடைகளின் பட்டியலோடு ஒரு பக்கம் வந்ததே, அதில் ஒரு விரல் வரைபடம் யார் கைவண்ணம்? திரை முழுக்க வரைபடம், உயரம் 100விஎச், அதாவது முழுத் திரை உயரம். ஐஃபோனில் சஃபாரியின் முகவரிப் பட்டை அடிப்பகுதியைத் தின்றுவிட்டது. இரு பக்கமும் விரல் வைக்க ஓரம் கிடையாது. கீழே இருந்த கடைப் பட்டியலுக்கு என் அம்மாவால் கடைசிவரை போகமுடியவில்லை.

தெம்பனிஸ்_தமிழன்
வந்துவிட்டது பழைய கணக்கு! முழு உயரம் கேட்டது ஏற்பாட்டாளர்கள். ஓரம் விடவேண்டும் என்று எழுத்தில் கொடுத்தவன் நான், மின்னஞ்சல் இன்னும் இருக்கிறது. முகவரிப் பட்டைக்கு ஏற்ப உயரத்தை மாற்றிக்கொள்ளும் 100டிவிஎச் என்று ஒன்று இருப்பதும் எனக்குத் தெரியும். விரல்மேல் பழி போடாதீர்கள். அதே வரைபடத்தை உங்கள் இரண்டு விரல் முறையில் போட்டிருந்தால் அம்மாவால் கடையையே பார்த்திருக்கமுடியாது.

செங்காங்_மீனா
நடுவழி ஒன்று இருக்கிறது. முதலில் அசையாத வரைபடம், தட்டினால் முழுத்திரை, அதற்குள் ஒரு விரலில் தாராளமாக இழுக்கலாம். பெரிதாக்கவும் கட்டைவிரல் போதும்: இருமுறை தட்டி, இரண்டாவது தட்டலில் விரலை எடுக்காமல் மேலும் கீழும் இழுத்தால் மேப்லிப்ரே பெரிதாக்கும், சுருக்கும்.

வரைபட_வேலு
அதை எந்த அம்மாவுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

தெம்பனிஸ்_தமிழன்
பார்த்தீர்களா, மீனாவே ஒரு விரல் என்கிறார்.

செங்காங்_மீனா
நான் அதைச் சொல்லவே இல்லை.

தெம்பனிஸ்_தமிழன்
சொன்னீர்கள், மேலே இருக்கிறது. பேச்சு எதற்கு, அரசாங்கத்தின் ஒன்மேப் வரைபடத்தின் மேல் ஒரு மாதிரி போட்டு முகவரியைக் குழுவில் அனுப்பியிருக்கிறேன். உணவங்காடி நிலையங்கள் எல்லாம் இருக்கின்றன. ஒரு விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

ஈசூன்_பையன்
பார்த்தேன். ஓட்டம் பரவாயில்லை. ஆனால் ஒன்மேப் சின்னமும் அதை நடத்தும் சிங்கப்பூர் நில ஆணையத்தின் பெயரும் எங்கே? அதைப் போடுவது கட்டாயம்.

தெம்பனிஸ்_தமிழன்
சின்னத் திரையில் இடத்தை அடைக்கிறது, அதனால் ஓரத்தில் 'ஐ' பொத்தானுக்குள் வைத்திருக்கிறேன். தட்டினால் வரும்.

வரைபட_வேலு
எத்தனை விரலால்?

தெம்பனிஸ்_தமிழன்
ஒன்றால்!! இரண்டு விரல் ஆட்களுக்கும் வேலை செய்யும், பயப்படாதீர்கள்.

ஈசூன்_பையன்
நான் தட்டினேன், வரவில்லை. பொத்தான் மேல் உணவங்காடிப் புள்ளி ஏறி உட்கார்ந்திருக்கிறது.

தெம்பனிஸ்_தமிழன்
எந்தக் கைப்பேசி? எந்த உலாவி? அதைச் சொல்லாமல் வரவில்லை என்றால் எப்படி?