கரையிலிருந்து இறங்கி நான் ஈட்டியால் குத்தும் கிங்ஃபிஷ் பாறைக்குள் புகுந்து தப்பிவிடுகிறது, எப்படிக் கரை சேர்ப்பது?

தென்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். நான் ஆஸ்திரேலியாவின் வொலொங்காங் நகரில் வசிக்கிறேன். மூன்று கோடைகளாகப் படகு ஏதுமின்றி, கரைப்பாறையிலிருந்தே கடலில் இறங்கி, மூச்சை அடக்கி முக்குளித்து, ஈட்டித் துப்பாக்கியால் மீன் பிடித்து வருகிறேன். சிறிய மீன்களில் எனக்குச் சிக்கல் இல்லை. கிங்ஃபிஷ் மட்டும் கைக்கு வந்து சேர மறுக்கிறது. (நம் ஊர் மீன்கடைகளில் வஞ்சிரத்தை, யாழ்ப்பாணத்தார் சொல்லும் அறுக்குளாவை, கிங்ஃபிஷ் என்பார்கள். நான் கேட்பது அதைப் பற்றி அன்று. பாரைக் குடும்பத்தைச் சேர்ந்த, மஞ்சள் வால் கொண்ட மீனைப் பற்றி.)

கடந்த ஞாயிறு காலை ஷெல்ஹார்பர் அருகே பாஸ் பாயிண்டில், மீன்பிடிக்கத் தடையுள்ள புஷ்ரேஞ்சர்ஸ் விரிகுடாவிலிருந்து நன்றாக விலகி, சுமார் 9 மீட்டர் ஆழத்தில் இருந்தேன். நான்கு மீன்கள் என்னைச் சுற்றி வந்தன. பெரியது 90 சென்டிமீட்டராவது இருக்கும். அது விலகிப் போகத் தொடங்கிய வேளையில் விசையை இழுத்தேன். ஈட்டி உடலின் பின்பாதியில், வயிற்றை ஒட்டிப் பாய்ந்தது. துப்பாக்கியில் ஈட்டிக் கயிறு சுற்றியிருக்கும் ரீலின் பிடியை இறுக்கியும் மீன் நேராகக் கீழே சென்று, கெல்ப் என்னும் பெரிய கடற்பாசி மண்டிய இரண்டு பாறைகளுக்கு நடுவே புகுந்துவிட்டது. இருமுறை இறங்கி விடுவிக்கப் பார்த்தேன். இரண்டாவது முறை மூச்சுக்காக நெஞ்சு துடிக்கத் தொடங்கிய பிறகும் கயிற்றை விட மனம் வராமல் கீழேயே இருந்துவிட்டேன். கடைசியில் ஈட்டி மட்டும் வந்தது. அதன் மடக்கு முள்ளில் கட்டைவிரல் அளவுக்கு வெள்ளைச் சதை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த மீன் காயத்தோடு எங்கேயோ கிடந்து சாகும் என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

குத்திய பிறகு கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டுமா, ஓட விட வேண்டுமா? கரையிலிருந்து இறங்குபவருக்கு ரீல் ஏற்றதா, மிதவைக் கயிறு ஏற்றதா? அனுபவமுள்ள அண்ணன்மார் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முயல்தீவு:

தம்பி, அந்த மீன் உங்கள் கையை விட்டுப் போனது நீங்கள் விசையை இழுத்த நொடியிலேயே என்று நினைக்கிறேன். கிங்ஃபிஷின் வயிற்றுப்பக்கச் சதை மிகவும் மென்மையானது. அங்கே பாய்ந்த ஈட்டி, மீன் முழு வேகத்தில் இழுக்கும்போது துளையை அகலக் கிழித்துக்கொண்டே போகும். மறுபக்கம் விரிந்து நிற்கும் மடக்கு முள்ளும் அந்தக் கிழிசலின் வழியே உருவிக்கொண்டு வந்துவிடும். மேலும், பின்பாதியில் குத்துப்பட்ட மீனுக்கு முதுகெலும்பு சேதமாகாததால் வாலின் வலிமை சற்றும் குறையாது. செவுள் மூடியின் பின்விளிம்பிலிருந்து மூன்று நான்கு விரற்கடை தள்ளி, உடலின் பக்கவாட்டில் தலை முதல் வால் வரை ஓடும் பக்கக்கோட்டை ஒட்டிக் குறிவைத்துப் பழகுங்கள். முதுகெலும்பில் பட்டால் மீன் அந்த இடத்திலேயே விறைத்து நின்றுவிடும். சற்றுத் தவறினாலும் தோள்பட்டையின் இறுகிய சதையில் ஈட்டி நிலைத்து நிற்கும்.

அந்த இடம் தெரிய வேண்டுமானால் மீன் பக்கவாட்டில் திரும்ப வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். கிங்ஃபிஷ் இயல்பாகவே ஆர்வம் மிகுந்த மீன். நாம் துரத்தினால் விலகும், நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் தொங்கினால் நெருங்கி வந்து பார்க்கும். அதன் கண்ணை நேராகப் பார்க்காமல், துப்பாக்கியை முன்னதாகவே நீட்டி வைத்துக்கொண்டு, ஈட்டி முனையிலிருந்து 3 மீட்டருக்குள் அது உடலைக் காட்டும் வரை காத்திருங்கள். விலகிப் போகும் மீனை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அது இன்னொரு சுற்று வரும். வராவிட்டாலும், காயப்பட்ட ஒரு மீனை இழப்பதைவிட அது மேலானது. கூடுமானால் மீன் பாறையை விட்டு மணற்பரப்பின் மேல் வரும்போது குத்துங்கள். அது ஓடி ஒளிய இடம் தேடும் அந்தச் சில நொடிகளில்தான் எல்லாம் முடிவாகிறது.

இறுக்குவதா, விடுவதா என்று கேட்டீர்கள். குத்து உறுதியாக விழுந்தது கண்ணுக்குத் தெரிந்தால், முதல் பத்து நொடிகள் நீங்கள் தாங்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்து, மீனின் தலையை மேல்நோக்கித் திருப்புங்கள். குத்து பலவீனமாகத் தெரிந்தால் பிடியைத் தளர்த்தி, ஆழம் மிகுந்த திறந்த பக்கமாக நீந்தி, கயிறு சாய்வாக இழுபடாமல் மேலிருந்து கீழாக நேராக நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சாய்ந்த கயிறுதான் கெல்ப்பிலும் பாறை விளிம்பிலும் மாட்டும்.

இனி, நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்ட செய்தி. நெஞ்சு துடித்த பிறகும் கீழே இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது எனக்குப் பகீரென்றது. கீழே இருக்கும்போது நீரின் அழுத்தத்தால் உடலுக்கு ஆக்சிஜன் போதுமானதாகவே தோன்றும். மேலே வர வர அழுத்தம் குறைந்து, நீர்மட்டத்துக்கு அருகே, கடைசிச் சில மீட்டர்களில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நினைவு தப்பிவிடும். மீனோடு போராடிய உடல் ஆக்சிஜனை மேலும் விரைவாகச் செலவழித்திருக்கும். இறங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் இன்னும் மோசம். கரியமில வாயு குறைந்துபோவதால் மூச்சுவிடத் தூண்டும் உணர்வே தாமதமாக வரும். மீன் பாறைக்குள் போய்விட்டால் கயிற்றை மிதவையில் கட்டிவிட்டு, சில நிமிடங்கள் மேலேயே படுத்து மூச்சைச் சீராக்குங்கள். கீழே இருந்த நேரத்தைப் போல இரண்டு மடங்காவது மேலே இருக்க வேண்டும் என்பது குறைந்த அளவு.

துணைக்கு ஒருவர் இல்லாமல் இறங்கவே இறங்காதீர்கள். நான் பிறந்த தூத்துக்குடியில், முத்துக் குளிக்கப் போகிறவர் தன் இடுப்புக் கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார், தன் தங்கை தாலியறுப்பதை அவர் பொறுக்கமாட்டார் என்பதால், என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒருவர் கீழே இருக்கும்போது மற்றவர் மேலே இருந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் இறங்கக் கூடாது. கிங்ஃபிஷ் கூட்டம் குத்துப்பட்ட மீனோடு சேர்ந்தே சுற்றுவது வழக்கம் என்பதால், அந்தத் துணைவர் இரண்டாவது ஈட்டியைச் செலுத்தி உங்கள் மீனை உறுதிப்படுத்தவும் முடியும்.

நெய்தல்:

முயல்தீவு அண்ணன் சொன்னவற்றை ஏற்கிறேன். ரீலைப் பற்றி மட்டும் என் கருத்தைச் சேர்க்கிறேன். கெல்ப் அடர்ந்த கரையோரத்தில் கிங்ஃபிஷுக்கு நான் ரீலை நம்புவதில்லை. மெல்லிய ரீல் கயிறு கையை அறுக்கும், காலைச் சுற்றும், பாறை விளிம்பில் உரசினால் நொடியில் நைந்துவிடும். சுமார் 20 மீட்டர் நீளமுள்ள, பிளாஸ்டிக் உறை போட்ட தடித்த மிதவைக் கயிற்றின் ஒரு முனையைத் துப்பாக்கியின் பிடியிலும் மறுமுனையைக் காற்றடைத்த கெட்டியான மிதவையிலும் இணைத்துவிடுங்கள். மீன் மூர்க்கமாக இழுத்தால் துப்பாக்கியைக் கைவிட்டுவிட்டு மேலே வந்து, மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளலாம். மிதவையின் மேல்நோக்கிய இழுப்பே மீனைக் களைப்படையச் செய்யும். இந்தக் கயிறும் பாசியில் மாட்டுவதுண்டு, மறுக்கவில்லை; ஆனால் மாட்டிய இடத்தை மிதவை காட்டிக்கொடுக்கும், உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்காது.

கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். இழுக்கும்போது மெதுவாகப் பின்னோக்கி நீந்துங்கள், அப்போது இழுத்த கயிறு உங்களைச் சுற்றிக் குவியாமல் முன்னே விலகிக் கிடக்கும். கயிற்றை அறுக்கும் கத்தி எந்தக் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

தென்கரையான்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. தனியாக இறங்கியது தவறுதான். இனி அவ்வாறு செய்யமாட்டேன். ஒரு சந்தேகம் மட்டும் மீதமிருக்கிறது. மீன் அருகில் வந்த பிறகு அதை அடக்குவதும், அலை மோதும் பாறையில் அதோடு ஏறுவதும் எப்படி?

அலைவாய்:

மீன் கைக்கு எட்டியதும் பலர் ஈட்டியைப் பிடித்துத் தூக்க முயல்கிறார்கள், கடைசி நேரத்தில் சதை கிழிவது அப்போதுதான். ஒரு கையைச் செவுள் மூடிக்குள் நுழைத்து உறுதியாகப் பற்றி, மீனை உடலோடு அணைத்து, அதன் வாலைக் கால்களுக்கிடையே இறுக்கிக்கொள்ளுங்கள். மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஈட்டி முனை உங்கள் முகத்தையோ துணைவரையோ நோக்கி இராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணுக்குச் சற்றுப் பின்னே, மேலே, மூளை இருக்கும் இடத்தில் கத்தியைச் செருகுங்கள். சரியாகப் பட்டால் உடல் ஒரு முறை நடுங்கி, வாய் திறந்து, துடிப்பு அடங்கிவிடும். மீனும் வேதனைப்படாது, சதையும் கெடாது.

மீனை இடுப்புப் பட்டையில் தொங்கவிடாதீர்கள். மிதவையில் கோத்துவிட்டால், இரத்த வாடைக்குச் சுறா வந்தாலும் அது உங்களை விட்டு விலகிய இடத்தில் நடக்கும். சுறா மீனைப் பற்றிவிட்டால் போட்டியிடாமல் விட்டுவிடுங்கள்.

கரையேறுவதற்கு முன், துப்பாக்கியில் ஈட்டி ஏற்றியிருந்தால் நீருக்குள்ளேயே அதை இறக்கிவிடுங்கள். பிறகு பாறையிலிருந்து தள்ளியே நின்று, பெரிய அலைகளின் வரிசை கடந்துபோகும் வரை காத்திருங்கள். துணைவர் முதலில் வெறுங்கையோடு ஏறட்டும். மிதவைக் கயிற்றின் நுனியை அவரிடம் எறிந்தால் மீனையும் மிதவையையும் அவர் இழுத்துக்கொள்வார். அதன் பிறகு, அலை உங்களைத் தூக்கும் நேரத்தில் நீங்கள் ஏறலாம். மீனைக் கையில் வைத்துக்கொண்டு பாறையில் தொற்ற முயன்று முழங்காலைக் கிழித்துக்கொண்டவன் நான். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நூறு மீட்டர் கூடுதலாக நீந்தினால் மணற்கரையில் ஏறலாம் என்றால், அந்த வழியே எனக்குப் பிடித்தது.

நியூ சவுத் வேல்ஸில் கிங்ஃபிஷ் குறைந்தது 65 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், ஒருவர் ஐந்து வரை வைத்துக்கொள்ளலாம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீருக்கடியில் எல்லாம் பெரிதாகவே தெரியும் என்பதால், ஐயமிருந்தால் விட்டுவிடுங்கள்.

தென்கரையான்:

மிக்க நன்றி. ரீலைக் கழற்றிவிட்டேன். 20 மீட்டர் மிதவைக் கயிறு வாங்கி, இன்று மாலை அருகிலுள்ள பாறைக் குளத்தில் அலுவலக நண்பர் ஒருவரைக் கயிற்றின் மறுமுனையில் நீந்தச் செய்து, பின்னோக்கி நீந்தி இழுத்துப் பார்த்தேன். கயிறு காலில் சுற்றவில்லை. ஞாயிறன்று அவரும் என்னோடு இறங்குகிறார். அலை ஒரு மீட்டருக்கு மேல் எழும்பினால் இருவரும் கரையிலேயே இருப்பது என்று பேசி வைத்திருக்கிறோம்.