பிளஸ் டூவுக்கு அப்புறம் சேலத்துல எந்த டிகிரி? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க (பதில் சொன்னவங்க அவங்கவங்க ஏரியாப் பேர்ல)

ஓமலூர்: அரசு கலைக் கல்லூரி ரேங்க் லிஸ்டுல பலரும் தடுமாறறது மார்க் கணக்குலதாங்க. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க், பி.ஏ. இங்கிலீஷுக்கு இங்கிலீஷ் மார்க். மத்ததுக்கெல்லாம் மொழிப்பாடம் ரெண்டையும் தள்ளிட்டு நாலு பாட மொத்தம், 400க்கு. 600க்கு எவ்வளவுன்னு சொல்லிப் பிரயோஜனமில்லை. இன்ஜினியரிங்குக்கு கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200. கணக்குல 4 மார்க் போனா கட் ஆஃப்ல முழுசா 4 போச்சு. கெமிஸ்ட்ரியில 4 போனா 2தான்.

அம்மாபேட்டை: அண்ணா சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்க. கோர்ஸ் பேரை எழுத்தெழுத்தா படிங்க. மூலப் பாடத்தோட பேர்ல கூடுதலா ரெண்டு வார்த்தை ஒட்டியிருந்தா, அதுக்கு இணைத்தன்மை அரசாணை (இந்த டிகிரி அந்த மூலப் பாட டிகிரிக்குச் சமம்னு அரசு போட்ட உத்தரவு) இருக்கான்னு கேளுங்க. "இருக்கு"ன்னு வாயால சொன்னா போதாது, அரசாணை எண்ணும் தேதியும் வேணும். இல்லேன்னா டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) பரீட்சையில பாஸாகி, சான்றிதழ் சரிபார்ப்புல வெளியே நிக்கணும். மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் வேலைக்கு யு.ஜி.யும் பி.ஜி.யும் ஒரே பாடமா இருக்கணும்கிறதையும் இப்பவே மனசுல வைங்க.

செவ்வாய்ப்பேட்டை: சி.ஏ. போறவங்களுக்கு: பி.காம்ல 55 சதவீதம், வேற டிகிரின்னா 60 இருந்தா முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுத வேண்டாம், நேரா அடுத்த கட்டமான இன்டர்.

கன்னங்குறிச்சி: ஜியாலஜியை, அதாவது பாறை, கனிமம் பத்தின படிப்பை, ஒருத்தரும் சொல்லலையே! ஊரைச் சுத்தி இருக்கிறதே பாடம்தான். ஏற்காடு மலை சார்னோகைட்ங்கிற பாறை, மேல அலுமினியத் தாதான பாக்சைட். வெள்ளைக்காரன் சுண்ணாம்புக் குன்றுன்னு பேர் வெச்சது உண்மையில மேக்னசைட், மெக்னீசியம் இருக்கிற வெள்ளைக் கனிமம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டா சுண்ணாம்புக்கல்லோட கனிமமான கால்சைட் உடனே பொங்கும்; மேக்னசைட் சும்மா கிடக்கும், பொடியாக்கிச் சூடேத்தினாதான் நுரைக்கும். முதல் வருஷப் பசங்க தப்பு பண்றது, வெயில் மழையில பழுத்த மேல்தோலைப் பாத்தே கல்லுக்குப் பேர் வைக்கிறது. சுத்தியலால ஒரு தட்டு தட்டி, உடைஞ்ச புது முகத்தை 10 மடங்கு லென்ஸ்ல பாக்கணும். சார்னோகைட் வெளியில பழுப்பா இருக்கும், உள்ள எண்ணெய் தடவின மாதிரி கருநீலச் சாம்பல். கஞ்சமலையில இரும்புத்தாது பக்கத்துல காம்பஸை நம்பாதீங்க, அந்தத் தாதுல இருக்கிற மேக்னடைட் காந்தம் மாதிரி முள்ளை இழுத்துடும்.

அம்மாபேட்டை: ஜியாலஜிக்கு வேலை?

கன்னங்குறிச்சி: பி.எஸ்சி.யோட நிறுத்தினா கொஞ்சம் சிரமம்தாங்க. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு யு.பி.எஸ்.சி. நடத்துற தேர்வுக்கு முதுகலை வேணும். அஞ்சு வருஷம்னு கணக்குப் போட்டுச் சேருங்க.