மான்ஸ்டெராவுக்கு 19:19:19 எவ்வளவு ஊத்தறது? இலை நுனி கருகுதுங்க

நொய்யல்கரை:

வணக்கமுங்க. ஊரு திருப்பூர் பக்கம். 10 இன்ச் தொட்டியில மான்ஸ்டெரா டெலிசியோசா, கிழக்கு ஜன்னல்ல இருந்து 5 அடி தள்ளி நிக்குது. கலவை: பாதி கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்), கால் பங்கு மண்புழு உரம், கால் பங்கு பெர்லைட் (பொரிஞ்ச வெள்ளைக் கல்லு). தண்ணியில கரையற 19:19:19 உரம் (தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூணும் 19 சதம்) லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், வாரா வாரம். ஊத்தறது போர் தண்ணி, தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கற டி.டி.எஸ். மீட்டர்ல 1,400 காட்டுது. அப்பப்ப ஆர்.ஓ. மெஷின் வேஸ்ட் தண்ணியும் போகுது.

பழைய இலையெல்லாம் நுனியும் ஓரமும் காஞ்சு பழுப்பாகுது. புது இலை சின்னதா, வெளிறிப் போயி, நரம்பு மட்டும் பச்சையா வருது. இந்தச் செடி இலைக்கே உரிய ஓட்டையும் விழலை. தொட்டி விளிம்புல வெள்ளையா படியுது. உரம் பத்தலையா, ஜாஸ்தியாயிருச்சுங்களா? எப்சம் உப்பு போடுன்னு சொல்றாங்க, போடலாமுங்களா?

தொட்டிமண்:

ஜாஸ்திங்க, ரொம்ப ஜாஸ்தி. கணக்குப் போட்டுப் பாருங்க. மட்டமா வழிச்ச ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 5 கிராம். அதுல 19 சதம் தழைச்சத்துன்னா லிட்டருக்கு 950 மில்லிகிராம். வீட்டுக்குள்ள வளர்ற இலைச்செடிக்கு 75லிருந்து 100 மில்லிகிராம் போதும், அதுவும் 15 நாளைக்கு ஒருக்கா. ஒவ்வொரு தடவையும் பத்து மடங்கு, அதையும் ரெண்டு மடங்கு அடிக்கடி குடுத்திருக்கீங்க.

தெற்கு மெக்சிகோவில இருந்து பனாமா வரைக்கும் இருக்கற காட்டுல மரத்தைப் பிடிச்சு ஏறற செடி இது. மரத்துல வழியற மழைத்தண்ணியில வர்ற கொஞ்சநஞ்ச சத்தை உறிஞ்சிப் பழகின வேரு. உப்பு ஏறின கலவையில அந்த வேரால தண்ணியே இழுக்க முடியாது. இழுக்கற கொஞ்சத்துலயும் உப்பு இலை நுனிக்கும் ஓரத்துக்கும் போய்ச் சேருது, தண்ணி ஆவியானதும் அங்கயே தங்கிக் கருக வெக்குது. கலவை ஈரமா இருக்கறப்பவே நுனி கருகுதுன்னா முதல்ல உப்பைத்தான் சந்தேகப்படோணும்.

இப்ப உரத்தை நிறுத்திட்டு கலவையைக் கழுவோணும். மேல வெள்ளை படிஞ்ச அரை இன்ச்சை சுரண்டி வீசிருங்க. தொட்டியைக் குளியலறையிலயோ வாசல்லயோ வெச்சு, தொட்டி கொள்ளளவுக்கு மூணு மடங்கு தண்ணி ஊத்துங்க. உங்க தொட்டி 8 லிட்டர்னா 24 லிட்டர். ஒரே மூச்சுல ஊத்தினா பக்கவாட்டுலயே வழிஞ்சு ஓடிரும். எட்டு எட்டு லிட்டரா மூணு தடவை, நடுவுல 15 நிமிஷம் விட்டு ஊத்தோணும், அப்பத்தான் உள்ள கெட்டியான உப்பு கரையும். காலையில செய்யுங்க. நல்லா வடிஞ்சப்புறம் உள்ள கொண்டு போங்க. அடித்தட்டுல தண்ணி நிக்கக்கூடாது, நின்னா கழுவின உப்பையே திரும்ப உறிஞ்சும். இதுக்கு மழைத்தண்ணியோ ஆர்.ஓ. நல்ல தண்ணியோதான். 1,400 தண்ணியில கழுவறது அழுக்குத் துணியில மேஜை துடைக்கற மாதிரி.

அடுத்து ஒரு புது இலை நல்லா விரியற வரைக்கும், எப்படியும் 4லிருந்து 6 வாரம், உரம் வேண்டாம். அப்புறம் லிட்டருக்கு அரை கிராம். அரை கிராம் நிறுக்க வீட்டுத் தராசு ஒத்துவராது. 10 கிராமை 1 லிட்டர்ல கரைச்சு வெச்சுக்குங்க, அதுல 50 மில்லி எடுத்து 1 லிட்டர் தண்ணியில கலந்தா சரியா அரை கிராம். கரைசலை ஒரு வாரத்துக்கு மேல வெக்க வேண்டாம். பாக்கெட்டை இறுக்கி மூடுங்க, காத்துல ஈரம் பட்டா கட்டியாயிரும், அப்புறம் எந்த அளவும் நிக்காது.

இன்னொண்ணு. இந்த உரத்தோட தழைச்சத்துல பாதிக்கு மேல யூரியா. யூரியா கரைஞ்சாலும் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால மீட்டர் அதைக் காட்டாது. உரக் கரைசலை மீட்டர்ல பாத்து "கம்மியாத்தான் இருக்கு"ன்னு இன்னொரு ஸ்பூன் போட்டறாதீங்க.

செடிக்கிறுக்கி:

மேல சொன்னது அத்தனையும் சரி. ஆனா புது இலை வெளிறுனது வேற கதைங்க, அது தண்ணியில இருக்கு.

எந்த இலையில குறை தெரியுதுன்னு முதல்ல பாக்கோணும். பழைய இலை முழுசா சீரா மஞ்சளானா தழைச்சத்துக் குறை. பழைய இலையில நரம்புக்கு நடுவுல மஞ்சளானா மெக்னீசியம். எப்சம் உப்பு அதுக்குத்தான். உங்களுக்குப் புது இலையில நரம்புக்கு நடுவுல வெளிறுது, அது இரும்பு. மெக்னீசியத்தைப் பழைய இலையில இருந்து எடுத்துப் புது இலைக்குக் குடுக்கச் செடியால முடியும், இரும்பை அப்படி நகர்த்த முடியாது. எப்சம் போட்டா ஏற்கெனவே இருக்கற உப்புல இன்னொரு உப்பு சேரும், அவ்வளவுதான்.

இரும்பு இல்லாம இல்லை, கிடைக்காம கிடக்குது. நம்ம பக்கத்துப் போர் தண்ணியில சுண்ணாம்பு ஜாஸ்தி. ஊத்த ஊத்தக் கலவையோட பி.எச். (புளிப்பு-கார அளவு) ஏறும், ஏறினா இரும்பு கரையாத உருவத்துக்குப் போயிரும். 19:19:19ல மணிச்சத்தும் தேவைக்கு மேல வருது, அதுவும் இரும்பைப் பிடிச்சு வெக்கும். இலைச்செடிக்கு 3:1:2 விகிதம் இருந்தாலே போதும்.

உரக்கடையில இரும்புச் சீலேட் (இரும்பைக் கரைஞ்ச நிலையிலயே வெக்கற உரம்) கேட்டா பெரும்பாலும் இ.டி.டி.ஏ. (EDTA) வகையைத்தான் எடுத்து நீட்டுவாங்க. பி.எச். 6.5 தாண்டினா அது சரியா நிக்காது. உங்க தண்ணிக்கு இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை, 6 சத இரும்பு, செங்கருப்பா இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்க. லிட்டருக்கு அரை கிராம், கலவையைக் கழுவி ஒரு வாரம் கழிச்சு ஒரே ஒரு தடவை, வேருல மட்டும். இலையில தெறிச்சா உடனே கழுவிருங்க, கறை விழும். பலன் அடுத்த இலையில தெரியும்.

ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணியை இன்னைக்கே நிறுத்துங்க. மெஷின் பாதித் தண்ணியை நல்ல தண்ணியா எடுத்தா, மீதியில உப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. தரை துடைக்க வெச்சுக்கலாம். வாட்டர் சாஃப்ட்னர் தண்ணியும் ஆகாது. அது சுண்ணாம்பை எடுத்துட்டு சோடியத்தை விடுது, செடிக்கு அது இன்னும் மோசம். போர் தண்ணி ஒரு பங்கு, ஆர்.ஓ. நல்ல தண்ணி மூணு பங்கு கலந்து ஊத்துங்க, 400 பக்கம் வந்துரும். ஐப்பசி மழையில முதல் 15 நிமிஷத் தண்ணியை விட்டுட்டு மொட்டைமாடித் தண்ணியை ரெண்டு டிரம்முல மூடி வெச்சா இதுக்கு ஈடே இல்லை.

ஓட்டை விழாததுக்கும் உரத்துக்கும் சம்பந்தமில்லீங்க. வெளிச்சமும் செடி வயசும்தான். ஜன்னலுக்கு 2 அடியில வெச்சு, ஏற ஒரு கம்பு நட்டுங்க.

கொங்குப்பச்சை:

ரசாயனமே எதுக்கு? கடலைப் புண்ணாக்கு ஊறவெச்ச தண்ணியும் பஞ்சகவ்யாவும் ஊத்தினா தன்னால வருமே.

தொட்டிமண்:

மாடியில, தோட்டத்துல அருமையா வேலை செய்யுமுங்க, அதை மறுக்கலை. கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பின பஞ்சகவ்யா 3 சதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி, வாழைக்கும் காய்கறிக்கும் நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா மூடின ரூமுல வெச்ச தொட்டிக்கு ரெண்டுமே தொந்தரவு. புளிச்ச புண்ணாக்கு நாறும், மேல்மண்ணுல பூஞ்சை கட்டும், அதைத் தின்ன சின்னக் கறுப்புக் கொசு முட்டையிடும், புழு இளம் வேரைக் கடிக்கும். எவ்வளவு சத்து எப்ப வெளிய வருதுன்னும் கணக்கு நிக்காது.

வீட்டுக்குள்ள இயற்கை உரம்தான் வேணும்னா நல்லா மக்கின மண்புழு உரம், 10 இன்ச் தொட்டிக்கு ரெண்டு கை, மூணு மாசத்துக்கு ஒருக்கா. ஆனா இந்தத் தொட்டியில ஏற்கெனவே கால் பங்கு இருக்குது, கழுவி மூணு மாசம் தாண்டட்டும். முட்டை ஓடு நம்ம சுண்ணாம்புத் தண்ணியில கரையவே கரையாது, விட்டுருங்க.

நொய்யல்கரை:

ரொம்ப நன்றிங்க. ரெண்டு சந்தேகம். குளிர்காலத்துல உரமே கூடாதுன்னு படிச்சேன், அது நம்மூருக்கும் பொருந்துமுங்களா? தங்கச்சி வீடு கோயமுத்தூர், சிறுவாணி தண்ணி. அவளும் இதே செடி வெச்சிருக்கா, அதே அளவு போதுங்களா?

செடிக்கிறுக்கி:

அது பனி கொட்டற ஊருக்கு எழுதினது. அங்க பகல் சுருங்கி ஜன்னல் வெளிச்சமே செத்துப் போயிரும். நம்ம மார்கழியில வளர்ச்சி மெதுவாகும், நிக்காது. மாசத்தைப் பாக்காதீங்க, குருத்தைப் பாருங்க. புதுக் குருத்து வந்துட்டே இருந்தா 15 நாளைக்கு ஒருக்கா. ஒரு மாசமா குருத்தே இல்லைன்னா, அது எந்த மாசமானாலும், வெறும் தண்ணி மட்டும். ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப தொட்டி சீக்கிரம் காயும், காய்ஞ்ச கலவையில உப்பு செறிவாகும். முதல்ல வெறும் தண்ணி, அரை மணி கழிச்சு உரத் தண்ணி.

சிறுவாணிக்குக் கணக்கு தலைகீழுங்க. அது மென்னீர், உப்பு சேராது, அதே சமயம் கால்சியமும் கிடையாது, 19:19:19லயும் கிடையாது. தங்கச்சி ஒரு தடவை 19:19:19 அரை கிராம், அடுத்த தடவை கால்சியம் நைட்ரேட் அரை கிராம்னு மாத்தி மாத்திக் குடுக்கட்டும். ரெண்டையும் ஒரே பாட்டில்ல கெட்டியா கரைச்சு வெக்கக்கூடாது, கால்சியமும் மணிச்சத்தும் சேர்ந்து வெள்ளையா அடியில தங்கிரும், ரெண்டும் வீண். எப்சம் உப்பையும் கால்சியம் நைட்ரேட்டோட சேர்க்கக்கூடாது, ஜிப்சம் ஆயிரும்.

தொட்டிமண்:

விட்டுப்போச்சு, அடுத்த தடவை தொட்டி மாத்தறப்ப கோகோபீட்டைக் கழுவாம போடாதீங்க. தேங்காய் மட்டையில பொட்டாசியமும் சோடியமும் இயல்பாவே இருக்கும், உப்புத்தண்ணியில ஊறவெச்ச மட்டைன்னா இன்னும் ஜாஸ்தி. 650 கிராம் கட்டிக்கு 10 கிராம் கால்சியம் நைட்ரேட்டை 5 லிட்டர் தண்ணியில கரைச்சு ராத்திரி முழுக்க ஊறவெச்சு, பிழிஞ்சு, ரெண்டு தடவை நல்ல தண்ணியில அலசுங்க. வடியற தண்ணியோட காப்பிக் கலரை வெச்சு முடிவு பண்ணாதீங்க, கலர் வேற உப்பு வேற. வடிஞ்சதுல மீட்டரை வெச்சு, ஊத்தின தண்ணியை விட 200க்கு மேல ஏறாம இருந்தா நடலாம்.