சிமெண்ட் தரைமேல் மரச்சட்டம் அடித்துத் தளம் போடலாமா?

வாய்க்கால்கரை:
வணக்கமுங்க. கோபிக்குப் பக்கம், தடப்பள்ளி வாய்க்காலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. நெல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த 16க்கு 10 அடி அறை இப்போது சும்மா கிடக்கிறது, பாப்பா பரதம் பழக அதைக் கொடுத்துவிடலாம் என்று யோசனை. சிமெண்ட் தரையில் தட்டித் தட்டிக் கெண்டைக்கால் எலும்பெல்லாம் வலிக்கிறது என்கிறாள். ஆசாரி 2க்கு 2 இஞ்ச் ரீப்பர் கட்டையைத் தரையோடு ஆணி அடித்து மேலே பிளைவுட் போட்டால் முடிந்தது, இரண்டு நாள் வேலை என்கிறார். அப்பா காலத்துத் தரை, அடியில் என்ன போட்டார்களோ. ஆனால் இப்போது பொட்டு ஈரமில்லை. செய்யலாமா?

பொள்ளாச்சி மரக்கடை:
வாய்க்கால் நிறுத்தியிருக்கும்போது பார்த்தால் ஈரம் எங்கேங்க இருக்கும்? தண்ணி விட்டு, சுற்றி நடவு முடிந்து, கிணறு மேலே ஏறட்டும். அப்புறம் 2 அடி சதுரத்துக்குக் கெட்டி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்க, ஒரு இடத்தில் மட்டும் வேண்டாம், மூலையிலும் நடுவிலும். தாளின் அடியில் வேர்த்திருந்தாலோ சிமெண்ட் கறுத்திருந்தாலோ ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம். எங்க தோட்டத்துச் சாளை வீட்டில் இதைப் பார்க்காமல் போட்டு, ஒரே மழைக்காலத்தில் பிளைவுட் உப்பி மேடு தட்டிவிட்டது, பாதியைப் பிரித்துப் போட்டேன்.

லேசான ஓதம்தான் என்றால் தரை முழுக்க 200 மைக்ரான் தாள் விரித்து, ஒன்றின்மேல் ஒன்று அரை அடி ஏறும்படி டேப் ஒட்டி, சுவரோரம் மேலே மடித்துவிடுங்க. அதற்கப்புறம் ஆணியே கூடாது, ஓட்டை விழுந்தால் தாள் போட்டே பிரயோஜனமில்லை. ரீப்பர் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், மேலே 18 எம்எம் பிளைவுட்டை ஸ்க்ரூ போட்டு முடுக்கினால் எங்கேயும் நகராது. ரீப்பருக்கு ரீப்பர் 16 இஞ்ச், அப்போதுதான் 8 அடி ஷீட்டின் முனை கட்டைமேல் வந்து உட்காரும். சுவரோரம் அரை இஞ்ச் விடணும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, பள்ளமான இடத்தில் பிளைவுட் துண்டு கொடுங்க, இல்லையென்றால் ஆடும்போதெல்லாம் கிறீச் கிறீச்தான்.

ஈரோட்டுக்காரி:
கரையானை யாருமே சொல்லவில்லையே! அடியில் இருட்டு, கொஞ்சம் ஈரம், மரம், அதற்கு வேறென்ன வேண்டும்? தாள் விரிக்கும் முன்பே சுவரும் தரையும் சேரும் இடத்தில் அடிக்கொரு 12 எம்எம் துளை போட்டு மருந்து இறக்கி, துளையைச் சிமெண்ட் வைத்து அடைக்கச் சொல்லுங்க. வேம்பைக் கரையான் தொடாது என்று ஆசாரி சொன்னால், வைரம் பாய்ந்த கட்டை மட்டும்தானா, ஓரத்து வெளிர் மரமான வெள்ளையும் சேர்ந்து வருதா என்று கேளுங்க, வெள்ளையைத் தின்றுவிடும். பிளைவுட்டில் ஐஎஸ் 710 முத்திரையை, அதாவது ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான முத்திரையைப் பார்த்து வாங்குங்க. ஒரு மூலையில் ஒரு பலகையை மட்டும் கழற்றிப் பார்க்கும்படி விட்டுவிடுங்க, வருஷத்துக்கு ரெண்டு தடவை டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

பொள்ளாச்சி மரக்கடை:
அதுவும் சரிதானுங்க. ஒன்றை விட்டுவிட்டேன், ஆட்டத்துக்கு என்றால் ரீப்பருக்கு அடியில் அங்கங்கே அரை இஞ்ச் ரப்பர் துண்டு வையுங்க. சிமெண்ட்மேல் நேராக உட்கார்ந்த கட்டை துளி அசையாது, பாப்பாவுக்கு வலி பாதிதான் குறையும். எல்லாம் சேர்ந்து மூணு இஞ்ச்சுக்கு மேல் உயரும், கதவு உள்பக்கம் திறந்தால் அடியை அறுக்கணும், வாசப்படியில் கால் இடறாமலும் பார்த்துக்கங்க.

வாய்க்கால்கரை:
கதவு உள்பக்கம்தாங்க திறக்கும், நல்லவேளை சொன்னீங்க. ஆசாரியிடம் ஆணி வேண்டாம், தண்ணி விட்டு ஒரு மாசம் கழித்து வாங்க என்றேன். முகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். தாள் ஒட்டிப் பார்த்துவிட்டு இங்கேயே போட்டோ போடுகிறேன்.